தோல் மருந்தும் தோலுரிக்கும் கூட்டமும்

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். தோலுக்கும் அப்படியே பேர்போன ஊர். இங்குள்ள தோல் ஷாப்புகளில் வேலை செய்யும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். பச்சைத் தோலுக்கு எவ்வளவு உப்பு, சுண்ணாம்புத் தொட்டியில் எத்தனை நாள், ஆவாரம்பட்டைத் தண்ணீர் முதலில் எவ்வளவு இலேசாக இருக்க வேண்டும், பிறகு எப்பொழுது காரமாக்க வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வார்கள். எடுத்த எடுப்பில் காரத் தண்ணீரில் போட்டால் மேல்தோல் மட்டும் இறுகிக்கொண்டு உள்ளே பச்சையாகவே நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். தோல் என்பது ஒரு மதில். அதற்குள் ஒரு பொருள் நுழைய வேண்டுமானால் வழி தெரிந்து நுழைய வேண்டும் என்பது அவர்கள் கைகண்ட பாடம். அங்கே யாரும் தொட்டிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, "பகவான் பதனிடுவார்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை.

ஆனால் அதே ஊரில், அதே தெருவில், ஒரு பெண்ணின் உதட்டோரத்தில் புளியிலையளவு வெள்ளைப் புள்ளி ஒன்று விழுந்துவிட்டால் நடப்பதென்ன? பட்டறிவு பறந்து போகிறது. பஞ்சாங்கம் வருகிறது. "முற்பிறப்பில் செய்த பாபம்" என்கிறான் ஒருவன். "சர்ப்ப தோஷம்" என்கிறான் மற்றொருவன். பழனிக்குக் காவடி, வீட்டில் விரதம், நெற்றி நிறைய விபூதி. இத்தனையும் முடிவதற்குள் புள்ளி கைக்கும் காலுக்கும் பரவிவிடுகிறது. பிறகு நிச்சயமான கல்யாணம் நிற்கிறது. அக்காளுக்கு நின்றால் தங்கைக்கும் நிற்கிறது. "அது குஷ்டம் இருக்கிற வீடு" என்று ஊர் பேசுகிறது.

நாம் கேட்கிறோம்: அய்யலூர்ச் சந்தையில் கருப்பு ஆட்டின் மேல் வெள்ளைத் திட்டு இருந்தால் எந்தப் பாபம் என்று யாராவது விசாரிக்கிறார்களா? ஆட்டுக்கு இல்லாத முற்பிறப்பு நம் வீட்டுப் பெண்ணுக்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது?

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். இதை "வெண்குஷ்டம்" என்று சொல்வது பச்சைப் பொய். குஷ்டம் என்பது ஒரு கிருமியினால் வருவது. 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துக் காட்டினார். வெண்புள்ளியில் கிருமியே கிடையாது. அது தொட்டால் ஒட்டாது. கூட உண்டால் ஒட்டாது. கூட வாழ்ந்தாலும் ஒட்டாது. உடம்பைக் காக்க வேண்டிய படைவீரர்களான வெள்ளை அணுக்கள் ஆள் தெரியாமல், தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களையே பகைவர் என்று தாக்கி அழிப்பதால் உண்டாவது அது. "வெண்புள்ளி" என்றே சொல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சர்க்காரே ஆணையிட்டும் நம் ஜனங்களின் வாய் மாறவில்லை. உண்மையான குஷ்டமே மருந்தினால் குணமாகக்கூடியது என்று கண்டு, அதைக் காரணங்காட்டி விவாகரத்துக் கேட்கும் பிரிவைச் சட்டத்திலிருந்து 2019இல் எடுத்துவிட்டார்கள். குஷ்டமே விவாகத்துக்குத் தடையல்ல என்று சட்டம் சொல்லும்போது, குஷ்டமே அல்லாத ஒன்றுக்காகக் கல்யாணத்தை நிறுத்துகிற யோக்கியர்களை என்னவென்று சொல்வது?

கர்மபலன்காரர்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்லி வைக்கிறோம். 1939இல் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்த பலருக்குக் கைகள் வெளுத்துப் போயின. எதுவரையில் வெளுத்தன? ரப்பர் கையுறை எதுவரையில் மூடியிருந்ததோ அதுவரையில்! ஆராய்ந்து பார்த்ததில், ரப்பர் கெடாமலிருக்கச் சேர்த்த மோனோபென்சைல் ஈதர் ஆஃப் ஹைட்ரோகுயினோன் என்ற இரசாயனமே நிற அணுக்களைக் கொன்றது என்று தெரிந்தது. நம் நாட்டிலும் ஒட்டும் பொட்டின் பசையில் உள்ள ஒரு இரசாயனத்தால் நெற்றியில் பொட்டு வைத்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்த பெண்கள் உண்டு; ரப்பர்ச் செருப்பின் வார் பட்ட இடம் மட்டும் வெளுத்த கால்களும் உண்டு. முற்பிறப்பில் செய்த பாபம் கையுறை அளவு பார்த்தா பலன் கொடுக்கும்? செருப்பு வாரின் அகலத்தை விதி அளந்து வைத்திருக்கிறதா? புரோகிதக் கூட்டம் பதில் சொல்லட்டும்.

நிற்க, புரோகிதன் ஒருவனே இந்தக் கொள்ளையில் இருப்பதாக நாம் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்தபடி நிற்பவன் பரம்பரை இரகசிய வைத்தியன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் வேன் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, "48 நாளில் பூரண குணம்" என்று டப்பா விற்கிறான். டப்பாவில் என்ன இருக்கிறது என்றால், "தாத்தா சொன்ன இரகசியம்" என்கிறான். வெண்புள்ளிக்கும் குஷ்டத்துக்கும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954ஆம் வருஷத்திய மருந்துகள், மாய மருந்துகள் விளம்பரச் சட்டம் சொல்லுகிறது. சட்டத்துக்கு 70 வயது தாண்டிவிட்டது. ஒலிபெருக்கியின் தொண்டை இன்னும் கம்மவில்லை.

இந்த மாதிரி டப்பாக்களைச் சோதித்தவர்கள் கண்டதென்ன? பல சமயங்களில் இரகசியம் மூலிகையாக இல்லை, ஸ்டீராய்டாக இருந்தது. முதலில் பளபளக்கும், பிறகு தோல் மெலியும், சிவக்கும், விட்டால் முன்னிலும் மோசமாகும். தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் இந்திய சர்க்கார் உத்தரவு போட நேர்ந்ததே இதனால்தான். சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் கலந்திருந்து சிறுநீரகம் கெட்டவர்களை 2023இல் மலப்புரத்து டாக்டர்கள் கண்டார்கள். இரகசியம் என்றால் இதுதான் இரகசியம்.

பழைய மருந்து என்பதற்காக நாம் எதையும் தள்ளிவிடுவதில்லை. பழையது என்பதற்காக எதையும் கொள்வதுமில்லை. கார்போகரிசியை வெண்புள்ளிக்கு நம் நாட்டில் நெடுங்காலமாக அரைத்துப் பூசினார்கள். அதில் விஷயம் இல்லாமலில்லை. அதிலுள்ள சோரலென் என்ற பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்தால் நிற அணுக்களைத் தூண்டும். எகிப்திலும் வேறொரு செடியிலிருந்து அதே இனத்துப் பொருளைப் பிரித்தெடுத்து, 1940களில் கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பலனையும் கெடுதலையும் எழுதி வெளியிட்டார். அளவு மீறினால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்பதையும் சேர்த்துத்தான் எழுதினார். பரம்பரை வைத்தியனுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: இவன் மறைத்தான், அவர் சொன்னார். மறைத்தது டப்பாவோடு நின்றது. சொன்னது சாஸ்திரமாக வளர்ந்தது.

இனி மூன்றாவது கூட்டத்தாருக்கு வருவோம். இவர்கள் புரோகிதனையும் வைத்தியனையும் பரிகாசம் செய்யும் படித்தவர்கள். "புதிதாக மாத்திரை வந்திருக்கிறதாமே, அதை வாங்கிப் பொடித்து வாஸ்லினில் குழைத்துத் தடவினால் ஆயிற்று" என்கிறார்கள். இவர்களுடைய அறிவும் விபூதிக்காரனுடைய அறிவும் ஒரே தட்டில்தான் நிற்கின்றன. இவர்கள் நம்புவது விபூதிக்குப் பதிலாக வேறொரு பொடி, அவ்வளவுதான்.

ஏனென்று விளக்குவோம். மாத்திரை என்பது மருந்து மாத்திரம் அல்ல. அதில் மருந்து கொஞ்சம், மாவும் பசையும் மேற்பூச்சும் அதிகம். அதைப் பொடித்து வாஸ்லினில் போட்டால் மருந்து கரையாது. மணல் மணலாக நிற்கும். கரையாத மருந்து தோலுக்குள் போகாது. நம் தோலின் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதிலொரு பங்கு கனங்கூட இல்லாத இடங்கள் பல; ஆனாலும் அது கோட்டை மதில். சிறிய மூலக்கூறுகளே அதைத் தாண்டும். 500 டால்டனுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை உட்கொண்டால் சொரியாசிஸ் அடங்குகிறது. அதையே மேலே பூசினால் அடங்குவதில்லை. காரணம், அதன் எடை 1,200 டால்டன். சாப்பிட்டால் கேட்கிற மருந்து தடவினாலும் கேட்கும் என்பது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்கு இது ஒன்றே போதும். சுண்ணாம்பு காணாத தோலில் பட்டைத் தண்ணீர் ஏறாது என்று தெரிந்த திண்டுக்கல்காரருக்கு இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் கேளுங்கள். களிம்பு என்பது எண்ணெயும் தண்ணீரும் மனமொத்து வாழ்வதாகப் பாவனை செய்யும் ஒரு குடித்தனம். இடையில் ஒரு சேர்மப் பொருள் இருந்து இருவரையும் பிடித்து வைத்திருக்கிறது. வெயில் ஏறினால் குடித்தனம் பிரியும். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. தண்ணீர் உள்ள இடத்தில் பூஞ்சக்காளான் பிடிக்கும். அதற்கு ஒரு காப்புப் பொருள் வேண்டும். காற்றுப் பட்டால் மருந்து கெடலாம். வெளிச்சம் பட்டால் கெடலாம். புளிப்பு ஏறினாலோ குறைந்தாலோ கெடலாம். இன்று கரைந்து நிற்கும் மருந்து மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியாத படிகமாக உறைந்து பயனற்றுப் போகலாம். ஆகவே யோக்கியமாகக் களிம்பு செய்கிறவன் அதை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவிகித ஈரக்காற்றிலும் ஆறு மாதம் வைத்துப் பார்க்கிறான். இடையிடையே எடுத்து மருந்து எவ்வளவு மிச்சம், எவ்வளவு சிதைந்தது என்று அளக்கிறான். இலண்டன் மேசையில் கெடாத களிம்பு வேடசந்தூர் தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் கெடாதா? "குளிர்ச்சாதனப் பெட்டியில் வையுங்கள்" என்று சொல்லிவிட்டால் பெட்டி இல்லாதவன் என்ன செய்வான்? கெடாத மருந்து என்பது ஏழையின் உரிமை, ஆடம்பரமல்ல.

இவ்வளவும் செய்து காட்டப்பட்ட காரியமே; கட்டுக்கதையல்ல. நம் மாகாணத்துக்குத் தெரிந்த மருந்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். டாப்சோன் என்ற பொருளை 1908இல் ஜெர்மனியில் செய்தார்கள். செய்தவர்களுக்கு அது மருந்தாகும் என்பதே தெரியாது. 1940களில்தான் அது குஷ்டத்தை அடக்கும் என்று கண்டு, நம் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் போன்ற டாக்டர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு மாத்திரையாக உலகமெங்கும் போயிற்று. ஆனால் அது இரத்தத்தில் ஒருவகை நொதி குறைவாகப் பிறந்தவர்களின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆதலால் தோல் நோய்க்கு அதைத் தோலிலேயே நிறுத்த முடியுமா என்று யோசித்தார்கள். அது தண்ணீரில் கரையாது. பொருத்தமான கரைப்பான் ஒன்றைத் தேடிப் பிடித்து, 5 சதவிகிதக் கூழாக்கி, முகப்பருவுக்கென்று 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றார்கள். 1908க்கும் 2005க்கும் இடையில் உள்ள வருஷங்களை எண்ணிப் பாருங்கள். வாஸ்லினில் குழைப்பதுதான் வேலையென்றால் அத்தனை காலம் எதற்கு?

வெண்புள்ளிக்கு வருவோம். ருக்சோலிடினிப் என்ற மாத்திரை 2011இல் எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்காக அனுமதிக்கப்பட்டது. வெள்ளை அணுக்கள் நிற அணுக்களைத் தாக்குவதற்கு இடையில் செல்லும் தந்திச் செய்தியை அது அறுத்துவிடும். ஆனால் விழுங்கினால் உடம்பு முழுவதும் உள்ள தந்தியை அறுக்கும். இரத்த அணுக்கள் குறையும். வேறு தொற்றுகள் பிடிக்கும். ஓர் உதட்டோரப் புள்ளிக்காக உடம்பையே பணயம் வைப்பதா? அதன் எடை 306 டால்டன், மதிலைத் தாண்டக்கூடியது. ஆகவே 1.5 சதவிகிதக் களிம்பாக்கினார்கள். 60 கிராம் குழாயில் 900 மில்லிகிராம் மருந்து. 5 மில்லிகிராம் மாத்திரையானால் 180 மாத்திரையின் மருந்து! பொடித்துக் குழைக்கச் சொல்லும் மேதாவிகள் இந்தக் கணக்கையாவது போட்டுப் பார்க்கட்டும்.

பிறகு பரீட்சை. 674 பேரை வைத்து இரண்டு பரீட்சைகள். ஒரு பகுதியாருக்கு மருந்துள்ள களிம்பு. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறுங் களிம்பு. எது எவருக்கு என்று பூசுகிறவருக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. 24 வாரங்களுக்குப் பின், முகத்துப் புள்ளியில் முக்கால் பங்காவது நிறம் திரும்பியவர்கள், மருந்துக் களிம்பில் நூற்றுக்குச் சுமார் 30 பேர். வெறுங் களிம்பில் நூற்றுக்கு 7 முதல் 11 பேர். இதை வைத்து 2022இல் அமெரிக்காவில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதோடு மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கையும் அச்சிடச் சொன்னார்கள்.

தோழர்களே, அந்த வெறுங் களிம்புக் கணக்கைக் கவனியுங்கள். மருந்தே இல்லாமல் 7 பேருக்கும் 11 பேருக்கும் நிறம் திரும்புகிறது. பழனிக்குப் போய் வந்த நூறு பேரில் அந்த 7 பேரைத்தான் "முருகன் அருள்" என்று காட்டுகிறார்கள். இரகசிய டப்பா வாங்கிய நூறு பேரில் அந்த 7 பேரின் படத்தைத்தான் வேனில் ஒட்டுகிறார்கள். மீதி 93 பேர் எங்கே போனார்கள் என்று எந்தக் கோயிலாவது, எந்த வைத்தியனாவது கணக்கு வைத்திருக்கிறானா? தோற்றவர்களையும் எண்ணுகிறவனே விஞ்ஞானி. ஜெயித்தவர்களை மாத்திரம் எண்ணுகிறவன் வியாபாரி.

ஆனால் இந்த விஞ்ஞானத்தின் கதவிலும் ஒரு வியாபாரி உட்கார்ந்திருக்கிறான் என்பதை நாம் மறைக்கவில்லை. 2021இல் அந்தக் களிம்பு வேறொரு தோல் நோய்க்காக முதலில் அமெரிக்கக் கடைக்கு வந்தபோது 60 கிராம் குழாய்க்கு வைத்த விலை 1,950 டாலர். ஆராய்ச்சிக்குச் செலவாகும் என்பதில் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் ஒரு குழாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் என்பது ஆராய்ச்சிச் செலவா, அவமானத்தின் மேல் போட்ட வரியா? புரோகிதன் பயத்தை விற்கிறான். வைத்தியன் இரகசியத்தை விற்கிறான். இவன் உண்மையையே பூட்டி வைத்து விற்கிறான். பூட்டுச் செய்யும் ஊரிலிருந்து நாம் சொல்கிறோம்: எந்தப் பூட்டுக்கும் சாவி உண்டு.

அந்தச் சாவி நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 1970ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோகம் கொடுக்காமல் இருந்ததால்தான் நம் நாட்டில் மலிவு மருந்து வளர்ந்தது. 2005இல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக அதை மாற்றியபோதும், பழைய மருந்தை வெறுமே புது வடிவமாக்கி அதற்கும் ஏகபோகம் கேட்பதை 3(டி) என்ற பிரிவு தடுக்கிறது. அதை வைத்தே 2013இல் சுப்ரீம் கோர்ட்டு நோவார்ட்டிஸ் கம்பெனியின் வழக்கைத் தள்ளியது. 2012இல் மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விற்ற ஒரு புற்றுநோய் மருந்தைக் கட்டாய லைசென்ஸ் கொடுத்துச் சுமார் 8,800 ரூபாய்க்குக் கொண்டுவந்ததும் இந்த நாட்டில்தான். உயிர் போகும் நோய்க்குத் திறந்த கதவை மானம் போகும் நோய்க்குத் திறக்கக் கூடாதா?

செத்த மாட்டின் தோலை ஆராய 1948 முதல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது வேண்டியதே, நாம் குறை சொல்லவில்லை. உயிருள்ள மனிதனின் தோலுக்கும் அதே சிரத்தையைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். பழைய மாத்திரைகளில் எவை எவை தோலைத் தாண்டும், எவை நம் வெயிலில் கெடாமல் நிற்கும் என்று சர்க்கார் சோதனைச்சாலைகள் ஆராய்ந்து, தோற்றதையும் ஜெயித்ததையும் வெளியிடட்டும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் ஏற்பட்டது. மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பது எப்படி என்பது அதற்குத் தெரியும். 2022இல் திறந்த திண்டுக்கல் மருத்துவக் கல்லூரியின் டாக்டர்களும் மாணவர்களும் தோல் ஷாப்புக்கும் வேடசந்தூர் மில்லுக்கும் போய், குரோமியத்தாலும் கையுறையாலும் கெட்ட தோல்களைப் பார்த்துக் கணக்கெடுக்கட்டும். 1996இல் சுப்ரீம் கோர்ட்டு திண்டுக்கல் உட்பட ஐந்து ஜில்லாத் தோல் ஆலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மண்ணும் தண்ணீரும் கெட்டதற்குக் கணக்குக் கேட்டார்கள்; தொழிலாளியின் கையையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

கடைசியாக ஒன்று. அந்தக் களிம்பு நூற்றுக்கு 30 பேருக்கு முக்கால் பங்கு நிறம் கொடுத்தது என்றோம். மீதி 70 பேர்? அவர்களுடைய கதி என்ன என்று கேட்பீர்கள். நாம் சொல்கிறோம்: அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. புள்ளியோடு படிக்கலாம், புள்ளியோடு வேலை செய்யலாம், புள்ளியோடு கல்யாணம் செய்துகொள்ளலாம். மருந்து வேண்டும் என்பவர் அதைப் பெறுவது உரிமை. வேண்டாம் என்பவர் நிமிர்ந்து நடப்பதும் உரிமை. தோலில் விழுந்த புள்ளிக்கு மருந்து கண்டுவிட்டார்கள். ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் என்ற மிடுக்கில் ஒரு பெண்ணின் கையைப் புரட்டிப் பார்க்கிறானே, அவன் மூளையில் விழுந்த புள்ளிக்குத்தான் எந்தச் சோதனைச்சாலையிலும் களிம்பு இல்லை. அதற்கு மருந்து வாலிபத் தோழர்களிடம் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் பெண் கொடுக்காதீர்கள், பெண் எடுக்காதீர்கள். புள்ளியுள்ள பெண்ணை விரும்பினால், ஜாதகமும் முகூர்த்தமும் பாராமல், பகிரங்கமாய் நாலு பேர் நடுவில் மணந்துகொள்ளுங்கள். களிம்பு மலிவாக வருகிற வரையில் காத்திருக்க வேண்டிய காரியம் அல்ல அது.